கீரைப் பாத்தியும் தெருப்பூனையும்: வாசகர் கேள்வி பதில்

தோட்டத்தில் பூனை அசுத்தம் செய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் கீரைப் பாத்தி போட்டிருக்கிறேன். விதை தூவிய மறுநாளே பூனை வந்து பறித்து, மலம் கழித்து, மூடிவிட்டுப் போகிறது. பக்கத்தில் எவ்வளவோ காலி இடம் இருக்க, பாத்தியையே தேடி வருவது ஏன்? எப்படித் தடுப்பது?
– வாசகி, தாம்பரம்

பதில்: கீரைக்காக நீங்கள் மண்ணைப் பண்படுத்தியிருக்கும் விதம்தான் அதை இழுக்கிறது. கட்டி உடைத்து, கல் பொறுக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்து பொலபொலவென்று ஆக்கி, மேலே சமன் செய்து விட்டிருப்பீர்கள். மலத்தைப் புதைக்கப் பூனை தேடுவதும் அதே மண்ணைத்தான். நகம் சுலபமாக இறங்க வேண்டும், மேல்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும், இலை தழை மறைக்காத வெற்றிடமாக இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் காலி இடம் இறுகிப் போன தரை, அதனால் அதைத் தொடுவதில்லை. ஒருமுறை போன இடத்தில் வாடை தங்கிவிடுவதால் அங்கேயே திரும்பத் திரும்ப வரும்.

ஆகவே விதைத்த நாளிலிருந்து கீரை மண்ணை மூடும் வரை, கால் வைக்கவும் தோண்டவும் முடியாமல் செய்தால் போதும். இதற்கு நம்பகமானது கோழிவலைக் கம்பி. ஹார்டுவேர் கடையில் சிக்கன் மெஷ் என்று கேட்டால் கிடைக்கும். முக்கால் அங்குலக் கண் உள்ளதாக வாங்குங்கள். உங்கள் பாத்திக்கு 5 அடிக்கு 4 அடி அளவில் இரண்டு சட்டங்கள் போதும். ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து வலையை இழுத்துக் கட்டுங்கள். தொய்வு இருந்தால் பூனை அதன் மேலேயே படுத்துக்கொள்ளும்.

விதை தூவி, மண் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்த பிறகு சட்டத்தை மண்ணின் மேல் நேரடியாக வையுங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் நாலைந்து நாளில் முளை காட்டும். முளை தெரிந்த அன்றே சட்டத்தின் நான்கு மூலையிலும் ஒரு செங்கல்லைப் படுக்கவைத்து அதன்மேல் தூக்கி வைத்துவிடுங்கள். செங்கல் கனம் 3 அங்குலம். அந்த இடைவெளியில் பூனையால் நுழைந்து குந்த முடியாது. இதைத் தாமதித்தால் நாற்று வலைக்கண்ணுக்குள் ஏறிக்கொள்ளும், பிறகு சட்டத்தை எடுக்கும்போது பாதி பிடுங்கிக்கொண்டு வரும். பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான். கீரை உயர்ந்து வலையைத் தொடப் போகும்போது இன்னொரு செங்கல்லை அடுக்குங்கள். அரையடி உயர்ந்து மண் தெரியாமல் மூடிய பிறகு சட்டம் தேவையில்லை.

கத்திரி, மிளகாய், தக்காளி போல மாதக்கணக்கில் நிற்கும் செடிகளுக்கு வலையை மண்ணின் மேலேயே விரித்து, செடி வரும் இடத்தில் அரையடி அகலத்துக்கு வட்டமாக வெட்டிவிடலாம். வெட்டிய கம்பி முனைகளைக் கீழ்நோக்கி மடக்குங்கள், இல்லையேல் களை எடுக்கும்போது கையைக் கிழிக்கும். ஓரங்களை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

மாலையில் பாத்தியை நனைத்து வைத்தாலும் பூனை ஓரளவு விலகும். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் மேல்மண் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஓயாமல் நனைத்தால் மிளகாய், தக்காளி நாற்றுகளுக்கு நாற்றழுகல் வரும். எனவே தண்ணீரைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அசுத்தமான இடத்தில் மலத்தைச் சுற்றிலும் அடியிலும் இரண்டு அங்குல மண்ணோடு சேர்த்து அள்ளி, தாளில் பொதிந்து குப்பையில் சேருங்கள். எருக்குழியில் போட வேண்டாம். வீட்டு எருக்குழியில் ஏறும் சூடு எல்லாப் புழு முட்டைகளையும் அழிக்கப் போதாது. அந்த இடத்தைச் சுற்றி ஓரடிக்குள் இருக்கும் கீரையை எடுத்து எறிந்துவிடுங்கள். மீதியை நன்றாக அலசி, வேகவைத்துச் சாப்பிடலாம். பச்சையாக அரைக்கும் கொத்தமல்லி, புதினாவை மட்டும் அந்தப் பாத்தியிலிருந்து பறிக்காதீர்கள்.

கேள்வி: மாடித்தோட்டத்தில் 40 வளர்ப்புப் பைகள் வைத்திருக்கிறேன். குறிப்பிட்ட ஏழெட்டுப் பைகளில் மட்டும் பூனை தோண்டுகிறது. எல்லாவற்றிலும் ஒரே மண்கலவைதான், அதில் பாதிக்குமேல் தென்னை நார்க்கழிவு. வைக்கோல் பரப்பியும் பயனில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தென்னை நார்க்கழிவு மேலே உலர்ந்துவிட்டால் அது பூனைக்கு மெத்தை போன்றது. அந்த ஏழெட்டுப் பைகளில் செடி சிறியதாகவோ அறுவடை முடிந்து காலியாகவோ இருக்கும். மீன் அமிலம் (மீனை வெல்லத்தோடு ஊறவைத்த உரக்கரைசல்), எலும்புத்தூள், மீன் கழிவு போன்றவற்றை எந்தப் பைகளில் கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள். அந்த வாசனைக்கு வந்து தோண்டும் பூனை, தோண்டிய குழியைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். மீன் அமிலத்தைக் கொடுத்தால் உடனே மேலே நல்ல தண்ணீர் விட்டு உள்ளே இறக்குங்கள். எலும்புத்தூளைப் பை நிரப்பும்போதே அரையடி ஆழத்தில் கலந்துவிடுவது நல்லது.

வைக்கோல் மிருதுவானது, பூனை அதை விலக்கிவிட்டுத் தோண்டும், அல்லது அதிலேயே படுக்கும். நிலக்கடலைத் தோலும் அப்படித்தான். தேங்காய் மட்டையை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, நார்ப்புறம் கீழேயும் வழுவழுப்பான முதுகு மேலேயுமாக இடைவெளியில்லாமல் அடுக்குங்கள். ஈரமும் காக்கும், பூனையாலும் புரட்ட முடியாது. மட்டை கிடைக்காவிட்டால் முக்கால் ஜல்லியை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பலாம். மாடியின் பாரம் கூடும் என்பதால் எல்லாப் பைகளுக்கும் வேண்டாம். காலியான பைகளைத் திறந்து வைக்காதீர்கள், அதே பையின் வாயை உள்பக்கம் மடித்துக் கவிழ்த்து வையுங்கள்.

விதைத்த பைகளில் தென்னை ஈர்க்குகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக நட்டுவைப்பது சுலபமான வழி. மேல்முனையை மழுக்கிவிட வேண்டும். குனிந்து வேலை செய்பவரின் கண்ணில் குத்திவிடும்.

கேள்வி: வீடு கட்டுகிறோம். வாசலில் கொட்டிய மணலில் தெருப்பூனைகள் எல்லாம் கூடிவிட்டன. பூச்சு வேலைக்கு அந்த மணலைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கிடைப்பதையெல்லாம் கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்துவிட்டு, சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம். சலிக்காமல் போட்டால் பூச்சுக்குள் மாட்டிய மலம் பின்னால் மக்கி, அந்த இடத்தில் பூச்சு உதிரும். கொத்தனாரும் சித்தாளும் வெறுங்கையால், வெறுங்காலால் அந்த மணலில் வேலை செய்கிறார்கள் என்பதே இதில் பெரிய கவலை. ஈர மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் தோலைத் துளைத்து நுழைந்து, பாம்பு நெளிந்ததுபோல் சிவந்த, அரிக்கும் கோடுகளை உண்டாக்கும். வேலை முடிந்ததும் மாலையில் தார்ப்பாய் போட்டு, ஓரம் முழுவதும் செங்கல் அடுக்குங்கள். நான்கு மூலையில் மட்டும் வைத்தால் இடையில் நுழைந்துவிடும். குழந்தைகள் அந்தக் குவியலில் ஏறி விளையாட விடாதீர்கள்.

கேள்வி: அந்துருண்டை, மிளகாய்த்தூள், ஃபினாயில், எலுமிச்சைத் தோல், காப்பித்தூள் சக்கை, நீலம் கலந்த தண்ணீர் பாட்டில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது வேலை செய்யும்?
– வாசகி, ஈரோடு

பதில்: இவற்றில் எதையும் நம்பி இருக்க வேண்டாம். மூன்றை வீட்டுத் தோட்டத்திலேயே சேர்க்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறோம்.

முதலாவது ஃபினாயில். பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் தெளித்ததை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போகும். கறுப்பு ஃபினாயில், டெட்டால் போன்ற கிருமிநாசினிகள் எல்லாம் இதில் சேரும். வெள்ளை ஃபினாயிலில் உள்ள பைன் எண்ணெயும் பூனைக்குக் கேடு. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொல்வதும் ஏறக்குறைய இதே ஈரல் குறைபாட்டால்தான்.

இரண்டாவது அந்துருண்டை. நாப்தலின் உருண்டை மிட்டாய்போல் இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இது சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான ரத்தசோகையை உண்டாக்கும். திறந்த வெளியில் வாடையும் சீக்கிரம் போய்விடும்.

மூன்றாவது மிளகாய்த்தூள். பாதத்தில் ஒட்டி, முகம் துடைக்கும்போது கண்ணுக்குள் போகும். வலியால் துடிக்கும் பூனைக்கு அந்த வலி எந்த மண்ணால் வந்தது என்று தெரியாது, மறுநாளும் வரும். காற்றடித்தால் உங்கள் கண்ணுக்கும் அதே கதி.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் வாசனை பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் நம் வெயிலில் இரண்டு நாளில் காய்ந்து போகும், அடிக்கடி மாற்ற வேண்டும். வேப்பம்புண்ணாக்கும் சில நாள் விலக்கும். அதை எப்படியும் எருவாக இடுவோம் என்பதால் செடிக்குப் பயன் நிச்சயம். காப்பிச் சக்கையைத் தின்றால் அதிலுள்ள கஃபீன் பூனை, நாய் இரண்டுக்கும் ஆகாது. நீல பாட்டிலுக்குப் பூனை பயப்படுவதில்லை.

கேள்வி: எங்கள் வேலியோரம் ஒரு மூலையில் மட்டும் பூனைகள் வந்து புரண்டு, வேரைக் கடித்து, மண்ணைக் கிளறிப் போடுகின்றன. அங்கே களைச்செடி தவிர ஒன்றுமில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தக் களையில் குப்பைமேனி இருக்கிறதா என்று பாருங்கள். பூனைவணங்கி என்றும் அதைச் சொல்வார்கள். அதன் வேர் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். களை பிடுங்கியபோது வேர் வெளியே தெரியும்படி அங்கேயே போட்டிருந்தால் இன்னும் கூடுதலாக வரும். வேரோடு எடுத்துப் பாத்தியிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

கேள்வி: ஒரு கடுவன் பூனை தினமும் வாசல் கதவிலும் ஸ்கூட்டர் சக்கரத்திலும் மூத்திரம் அடித்துவிட்டுப் போகிறது. எத்தனை கழுவினாலும் மழை நாளில் நாற்றம் திரும்பி வருகிறது.
– வாசகி, திருச்சி

பதில்: நின்ற நிலையில், வாலை உயர்த்தி நடுக்கி, சுவரில் ஓரடி உயரத்தில் பீச்சுவது எல்லைக் குறி. குந்தி மண்ணில் கழிப்பது வேறு. எல்லைக் குறியை வலையோ ஜல்லியோ தடுக்காது. விதையடிப்பு அறுவை மட்டுமே நிலையான தீர்வு. செய்த பிறகு பத்தில் ஒன்பது கடுவன்களில் இந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. சிலவற்றில் உடனே நிற்கும், சிலவற்றுக்குச் சில மாதம் ஆகும். நம் ஊரில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால் பெட்டைகள் எல்லாப் பருவத்திலும் சினைக்கு வரும். அதனால் கடுவனின் இந்தப் பழக்கம் தானாக ஓயும் மாதம் என்று ஒன்று கிடையாது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனையிலோ விசாரியுங்கள்.

நாற்றம் திரும்புவதற்குக் காரணம் மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம். தண்ணீரில் எளிதில் கரையாமல் சிமெண்டின் நுண்துளைகளில் படிகமாகத் தங்கி, ஈரம் பட்டதும் மறுபடி வாடை கிளப்பும். முதலில் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு வளர்ப்புப் பிராணிகள் கடையில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தை, மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஊறும்படி ஊற்றி, தானாக உலரவிடுங்கள். துடைத்து எடுத்தால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. பக்கெட்டில் அலசிய டிடெர்ஜென்ட்டோ ஃபினாயிலோ மிச்சமிருந்தால் நொதி கெட்டுவிடும், ஆகவே அதற்குமுன் நல்ல தண்ணீர் அவசியம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டவே வேண்டாம். மூத்திரத்தின் அமோனியாவுடன் சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமின் வாயு வரும்.

இன்னொன்று. ஒரு கடுவன் அடிக்கடி குந்தி முக்கி, சொட்டுக்கூட வராமல் கத்தினால் அது எல்லைக் குறி கிடையாது, மூத்திரப்பாதை அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். யார் வீட்டுப் பூனையானாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: மருமகள் மூன்று மாத கர்ப்பம். தோட்டத்தில் பூனை வருவதால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார்கள். பூனையை விரட்டிவிட வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பயம் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றியது. பயப்படக் காரணம் உண்டு, ஆனால் அது மண்ணில் இருக்கிறது. பூனைக்கு முதல் தடவை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதன் முட்டை போன்ற உறைகள் வெளிவரும். வந்தவுடனே அவை தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். அதன்பின் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். பிளீச்சிங், கிருமிநாசினி எதற்கும் அவை மசியாது, கொதிநீருக்கு அழியும்.

ஆகையால் அவர் மண்வேலையை வேறொருவரிடம் விடட்டும். செய்தே ஆகவேண்டுமென்றால் ரப்பர் கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். பச்சைக் காய்கறியை நன்கு அலச வேண்டும், இறைச்சியை உள்வரை வேகவைக்க வேண்டும். வேகாத இறைச்சி வழியாகவும் இது வரும். மலத்தை மற்றவர்கள் தினமும் எடுத்துவிட்டால் தொற்றும் நிலைக்கு வருமுன் அது போய்விடும். ரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பூனையை விரட்டுவதால் மண்ணில் ஏற்கெனவே இருப்பது போகாது.

கேள்வி: அடுத்த வீட்டு அக்கா ஐந்தாறு பூனைகளுக்குச் சோறு வைக்கிறார். அவை எங்கள் ரோஜாச் செடியடியில்தான் கழிக்கின்றன. சண்டை போட மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சென்னை

பதில்: அவரிடம் ஒரு கழிப்பிடம் கட்டித்தரச் சொல்லுங்கள், அல்லது இருவரும் சேர்ந்து கட்டுங்கள். பூனைக்குக் கழிப்பிடம் கொடுக்காமல் செடியடியை மட்டும் அடைத்தால் அது அடுத்த செடிக்குப் போகும், அவ்வளவுதான். எழுதியவர்களில் பலர் விட்டுவிடும் பகுதி இது.

நிழலான, ஆள் நடமாட்டம் குறைந்த மூலை வேண்டும். சோறு வைக்கும் இடத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும், ஏனென்றால் உண்ணும் இடத்துக்கு அருகில் பூனை கழிக்க விரும்பாது. 3 அடிக்கு 3 அடி அளவில் செங்கல்லைக் குத்தவைத்து வரம்பு கட்டுங்கள். அடியில் மூன்று அங்குலம் ஜல்லி, அதன்மேல் பழைய நிழல்வலை, அதன்மேல் அரையடி கனத்துக்கு உலர்ந்த ஆற்று மணல். எம்-சாண்ட் கரடுமுரடாக இருந்தால் பூனை தயங்கும், சலித்துப் போடலாம். மூன்றடி உயரத்தில் ஒரு தகரக் கூரை அவசியம். ஐப்பசி மழையில் மணல் நனைந்துவிட்டால் பூனை திரும்ப உங்கள் ரோஜாவுக்கே வரும்.

முதல் நாள், ரோஜாவடியில் இருந்த மலத்தில் கொஞ்சத்தை எடுத்து அந்த மணலில் புதையுங்கள். அதே நாளில் ரோஜாவடியில் கோழிவலையோ, கவாத்து செய்த ரோஜா முள்குச்சிகளோ பரப்பிவிடுங்கள். ஒரு வேலையை இன்றும் மற்றொன்றை அடுத்த வாரமும் செய்தால் பலிக்காது. ஐந்தாறு பூனைகளுக்கு இப்படி இரண்டு குழிகள் தேவை. பழைய ஜல்லிக்கரண்டியை இதற்கென்றே ஒதுக்கி, தினமும் ஒருமுறை அள்ளிவிட வேண்டும். இரண்டு நாள் அள்ளாவிட்டால் பூனை அந்தப் பக்கம் போகாது. மாதம் ஒருமுறை மணலை மாற்றுங்கள்.

பால்சோறு வைப்பதை அவர் நிறுத்தினாலே பாதித் தொல்லை குறையும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிற்றுப்போக்காகிக் கண்ட இடத்தில் கழிக்கும். மீனோ கோழியோ வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைக்கட்டும், எலும்பு வேண்டாம். கருத்தடையையும் பேசுங்கள். பெட்டை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும். இன்றைய ஆறு அடுத்த ஆண்டும் ஆறாக இருக்க வேறு வழியில்லை.

கேள்வி: சாக்கில் பிடித்து வேறு ஊரில் விட்டுவிடலாமா? சிலர் விஷம் வைக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: இரண்டும் கூடாது. விஷம் வைப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் பாயும். அந்த விஷத்தைக் காக்கையும் நாயும் தின்னும். இடம் மாற்றி விட்ட பூனை பட்டினியிலும் சண்டையிலும் சாகும். உங்கள் தெருவில் சோறும் மணலும் அப்படியே இருப்பதால் காலியான இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும்.

கேள்வி: மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியெழுப்பும் கருவி வாங்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: பலன் உண்டு, ஆனால் முழுமையாகக் கிடையாது, சில பூனைகள் பழகிக்கொள்ளும், காது கேளாத கிழட்டுப் பூனை கண்டுகொள்ளாது. அசைவை உணர்ந்து தண்ணீர் பீச்சும் தெளிப்பான் இதைவிட மேல். குழாயில் நல்ல அழுத்தம் இருந்தால்தான் அது வேலை செய்யும்; ஒரு மாடி வீட்டின் மேல்தொட்டித் தண்ணீருக்குப் பெரும்பாலும் அழுத்தம் போதாது. வாங்குமுன் தோட்டக்குழாயில் ஓஸை மாட்டித் திறந்து, விரலால் முனையை அடைத்துப் பாருங்கள். 15 அடியாவது பாய்ந்தால் வாங்கலாம், பாயாவிட்டால் அந்தப் பணத்துக்குக் கோழிவலை வாங்குங்கள்.